ரெயில்ஸில் ஒவ்வொரு முகவரிக்கும் தனி வரி எழுத வேண்டுமா?

சுங்கை சிப்புட் தோட்டக் கோயிலின் சந்தாக் கணக்குக்கு, ரூபி மொழியின் இணையச் செயலிக் கட்டமைப்பான ரெயில்ஸில் செயலி எழுதுகிறீர்கள். பார்க்க, சேர்க்க, திருத்த, நீக்க என்று தனித்தனி ரூட் (எந்த முகவரிக்கு எந்த வேலை என்று சொல்லும் வரி) வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ரூட்ஸ் கோப்பில் ‘ரிசோர்சஸ்’ போட்டு, பக்கத்தில் ‘மெம்பர்ஸ்’ என்று பன்மையில் கொடுங்கள். இன்டெக்ஸ் (பட்டியல்) முதல் டெஸ்ட்ராய் (நீக்கம்) வரை 7 ஆக்‌ஷன்களுக்கும் வழி கிடைத்துவிடும். முகவரி ஒன்றுதான், கோரிக்கைதான் வேறு: 12ஆம் உறுப்பினரின் ‘/மெம்பர்ஸ்/12’க்கு கெட் வந்தால் அவர் விவரம், பேட்ச் வந்தால் திருத்தம், டெலீட் வந்தால் நீக்கம்.

சந்தா ஓர் உறுப்பினருடையது என்பதால் அதை ‘பேமெண்ட்ஸ்’ என்ற பெயரில் மெம்பர்ஸுக்குள்ளேயே வையுங்கள். ‘/மெம்பர்ஸ்/12/பேமெண்ட்ஸ்’ என்று வரும். அதற்கு மேல் அடுக்காதீர்கள், படிக்கவே சிரமம். கட்டிய ரிங்கிட் கணக்கை யாரும் அழிக்கக் கூடாதல்லவா? பேமெண்ட்ஸுக்கு ‘ஒன்லி’ போட்டு இன்டெக்ஸ், நியூ (புதுப் படிவம்), கிரியேட் (சேமிப்பு) மூன்றை மட்டும் திறந்துவிடுங்கள். அப்புறம் டெர்மினலில் ‘ரெயில்ஸ் ரூட்ஸ்’ அடியுங்கள், உருவான வழிகள் எல்லாம் வரிசையாக வரும்.