டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஆகணுமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

டிரைவிங் ஸ்கூலில் பயிற்றுநராகச் சேர என்ன தகுதி வேண்டும் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். கார், லாரி இரண்டும் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இன்சூரன்ஸ், அபராதம், பழைய வண்டி விலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

சேலம்: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கார் நன்றாக ஓட்டுவேன். மாஸ்டராக வேலைக்குச் சேரலாமா?

நன்றாக ஓட்டுவது மட்டும் போதாது, தம்பி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 24ஐப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஐந்து வருட ஓட்டுநர் அனுபவம் வேண்டும். அதோடு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிறுவனத்தில் மோட்டார் மெக்கானிக் படித்த சான்றிதழோ, மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் அதற்கு மேலான படிப்போ இருக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவதில்தான். சாலைக் குறியீடுகள் தெரிய வேண்டும், வண்டியின் பாகங்களைக் காட்டி விளக்கத் தெரிய வேண்டும், ஆங்கிலமோ வட்டார மொழியோ தெரிய வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

விதி 24இன்படி உரிமம் பள்ளிக்குத்தான். விதி 25இன்படி அது ஐந்து வருடம் செல்லும். உங்கள் தகுதியை அந்த விண்ணப்பத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அதனால் சான்றிதழில் இருக்கும் பெயர் ஒன்று, வண்டியில் உட்காரும் ஆள் வேறு என்று இருக்கக் கூடாது. இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

ஈரோடு: டிப்ளமோ இஇஇ (எலக்ட்ரிக்கல்) செல்லுமா?

செல்லாது. டிப்ளமோ மெக்கானிக்கல் என்றால் செல்லும்.

கரூர்: பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

படிப்பு சரி, அனுபவம் போதாது. ஓட்டிக்கொண்டே இருங்கள்.

மதுரை: ஐடிஐ சான்றிதழ் இருக்கிறது. ஒரு ஸ்கூலில் "சான்றிதழை மட்டும் கொடு, வேலைக்கு வர வேண்டாம், மாதாமாதம் பணம் தருகிறோம்" என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். ஏடுகளில் பயிற்றுநர் நீங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. வண்டி யார் மீதாவது ஏறினால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. உங்களால் அந்த வேலையைச் செய்ய முடியும் என்றால் போய் உட்கார்ந்து செய்யுங்கள். சம்பளமும் கூடக் கிடைக்கும்.

நாமக்கல்: 22 வருடமாக லாரி ஓட்டுகிறேன். காஷ்மீர் வரை போய் வந்தவன். ஐடிஐ படித்த பையன் மாஸ்டர் ஆகலாம், நான் ஆகக் கூடாதா? என்ன நியாயம்?

அண்ணே, பாதி நியாயம் உங்கள் பக்கம். வண்டி வழியில் நின்றால் ஓட்டுநரே இறங்கிச் சரிபார்த்த காலத்தில் எழுதிய விதி இது. அதனால்தான் பள்ளியில் கியர்பாக்ஸ், பிரேக் ஷூ, டிரம் எல்லாம் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது. இன்று கார் கற்க வருகிறவர் பானெட்டைத் திறப்பதே அபூர்வம்.

ஆனால் மீதிப் பாதியையும் கேளுங்கள். உங்கள் கை தானாகவே கியர் மாற்றும். அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று வாயால் சொல்ல முடியுமா? எனக்குத் தெரிந்த நல்ல லாரி ஓட்டுநர்களில் பாதிப் பேர் பக்கத்தில் உட்கார்ந்தால் "அப்படி இல்லப்பா, இப்படி" என்பதற்கு மேல் பேசுவதில்லை.

திருச்சி, ஸ்கூல் நடத்துபவர்: அப்படிப் பார்த்தால் ஐடிஐ பையனுக்கு மட்டும் சொல்லித்தர வருமா?

வராது. என் சண்டையே அதுதான். பாகங்களை விளக்கும் திறமையைக் கேட்கிற விதி, பயந்து நடுங்குகிற ஒருவரை ரவுண்டானாவில் வழிநடத்தும் திறமையைச் சோதித்துப் பார்க்கவில்லை.

நாமக்கல் (மறுபடியும்): அப்போ எங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று எழுதுங்கள்.

அப்படிச் சொல்லவில்லை, அண்ணே. சான்றிதழும் வேண்டும், சொல்லித்தரும் சோதனையும் வேண்டும் என்கிறேன்.

திருச்சி: அப்புறம் ஆள் எங்கே கிடைக்கும்? இப்போதே கிடைப்பதில்லை.

காருக்கு இருபத்தொரு நாள், பத்து மணி நேரம் ஓட்டுப் பயிற்சி என்று விதி சொல்கிற கணக்கைச் சுருக்கி, ஒரு காரில் மூன்று பேரை ஏற்றி அரை மணி நேரத்தைப் பங்கு போடும் பள்ளிகள் அதை நிறுத்திவிட்டு, ஒழுங்கான சம்பளம் கொடுத்தால் கிடைப்பார்கள். உங்கள் பள்ளியைச் சொல்லவில்லை.

தஞ்சாவூர்: பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு ஸ்கூலில் கூப்பிடுகிறார்கள். தகுதி இருக்கிறது. டபுள் கண்ட்ரோல் கையாளப் பயமாக இருக்கிறது.

நல்ல கேள்வி, அம்மா. இடது பக்கம் உங்கள் காலடியில் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். ஸ்டீரிங்கை வலது கையால் எட்டிப் பிடிக்க வேண்டும். முதலில், உங்களுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி மாட்டச் சொல்லுங்கள். பின்னால் வரும் பஸ் தெரியாமல் பிரேக்கில் கால் வைக்கக் கூடாது.

கிளட்சைச் சத்தமில்லாமல் நீங்களே மிதிக்காதீர்கள். கற்பவர் தானே செய்ததாக நினைத்துக்கொள்வார். டெஸ்ட் நாளில் வண்டி ஆஃப் ஆகும்போதுதான் உண்மை தெரியும். மிதித்தால் "நான் மிதித்தேன்" என்று சொல்லிவிடுங்கள். முதல் நாள் சமதளத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடவே விடாமல், ஹாஃப் கிளட்சில் (கிளட்சைப் பாதி மட்டும் விட்டு) வண்டியை நகர்த்தப் பழக்குங்கள். அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பானெட்டைப் பார்த்து ஓட்டுபவரின் வண்டி ஆடிக்கொண்டே போகும். தூரத்தில் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் தானே நேராகிவிடும். திருப்பம் வருவதை முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்தில் வந்தபின் "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்துவது பயிற்சி இல்லை.

விழுப்புரம்: இனி ஆர்டிஓ டெஸ்ட் கிடையாது, எல்லா ஸ்கூலும் லைசென்ஸ் கொடுக்கலாம் என்கிறார்களே?

இது 2024இல் கிளம்பிய வதந்தி. அப்போதே மத்திய அமைச்சகம் விதியில் மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. டெஸ்ட் விலக்கு, 2021 ஜூலையில் வந்த விதிப்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் முடித்தவர்களுக்கு மட்டும். அந்த மையம் நடத்த, காருக்கு ஒரு ஏக்கர், கனரகத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும். கார் பயிற்சி 29 மணி நேரம், அதில் 21 செய்முறை. லைசென்ஸ் கொடுப்பது அப்போதும் ஆர்டிஓதான். அங்கே மாஸ்டராக பிளஸ் டூ வேண்டும். ஐந்து வருட அனுபவம் அங்கேயும் உண்டு.

கடலூர்: மாஸ்டர் ஆக என்ன படிக்க வேண்டும்?

முதல் பதில்.

வேலூர்: பத்தாவது பாஸ், ஐடிஐ இல்லை...

முதல் பதில். நண்பரின் சான்றிதழ் இருக்கிறது என்று அடுத்ததாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால், மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவை: என் சொந்த காரில் எல் போர்டு ஒட்டி, தெரிந்தவர்களுக்குக் காசு வாங்கிச் சொல்லித்தரலாமா?

கூடாது. காசு வாங்கிப் பயிற்சி நடத்த உரிமம் வேண்டும், காரில் டபுள் கண்ட்ரோலும் வேண்டும். தங்கைக்குச் சும்மா சொல்லித்தருவது வேறு. அதற்கும் அவருக்கு எல்எல்ஆர் வேண்டும், உங்களுக்கு லைசென்ஸ் வேண்டும், வண்டியை நிறுத்த முடிகிற இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். எல் போர்டு முன்னும் பின்னும், 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல்.

நாமக்கல்: சரி, கோபம் போய்விட்டது. ஐடிஐயில் எதில் சேரட்டும்?

மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டு வருடம், மெக்கானிக் டீசல் ஒரு வருடம். டீசலை எடுப்பதாக இருந்தால், அதை ஏற்பார்களா என்று உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், அண்ணே.