ரேடார் இருக்கும்போது அமெரிக்காவில் புயலைப் பார்த்துச் சொல்ல ஆட்கள் எதற்கு?

டாப்ளர் ரேடாரும் செயற்கைக்கோளும் இருந்தும், அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை ஏன் புயலைக் கவனித்துத் தகவல் சொல்லும் 'ஸ்கைவார்ன்' தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் பூமியின் வளைவு. ரேடாரின் மிகத் தாழ்வான கதிரே சுமார் அரை டிகிரி மேல்நோக்கித்தான் கிளம்புகிறது. தூரம் போகப் போக நிலம் கீழே வளைந்துவிடும். அதனால் 100 கிலோமீட்டர் தள்ளி அந்தக் கதிர் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். மேகத்துக்குள் காற்று சுழல்வது அதற்குத் தெரியும். சூறாவளி (டொர்னேடோ எனும் சுழல்காற்று) தரையைத் தொட்டதா என்பது பெரும்பாலும் தெரியாது. அதைச் சொல்ல அந்த இடத்தில் ஒரு மனிதர் வேண்டும்.

பயிற்சி இலவசம், பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதில் கடினமான பகுதி, எதைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதுதான். மழைக்குப் பின் தாழத் தொங்கும் கிழிசல் மேகங்களைப் பலர் சூறாவளி என்று நினைத்துவிடுவார்கள். சுழற்சி இருக்கிறதா என்று சற்று நேரம் நின்று கவனித்தால் வித்தியாசம் புரியும்.

அப்புறம் ஆலங்கட்டி. ஒரு அங்குலம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கடும் புயல் என்று கணக்கு. காற்றுக்கு அந்த வரம்பு மணிக்கு 58 மைல். பார்த்த நேரம், இடம், திசை மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெச்சூர் வானொலிக்காரர்கள் (சொந்த வானொலிக் கருவி வைத்துப் பேசிக்கொள்ளும் ஆர்வலர்கள்) இதில் பெரும் பங்கு வகிக்கிறார்கள். செல்போன் கோபுரம் விழுந்தாலும் அவர்கள் செய்தி போய்ச் சேரும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இது புயலைத் துரத்தும் வேலை இல்லை. வீட்டு வாசலில் நின்றபடியே செய்யலாம், இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும்.