வாசகர் கேள்வி-பதில்: இடிக்கட்டும், முதலில் எழுதிக் கொடுக்கட்டும்

கேள்வி: எங்களுடையது முப்பது வருடத்துக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, மூன்று மாடி. கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. பிள்ளைகள் தலையில் விழாமல் இருக்க ஃபேனைச் சுற்றிச் சாக்கு கட்டி வைத்திருக்கிறோம். அதிகாரிகள் வந்து 'குடியிருக்கத் தகுதியில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரரோ நாலு மூட்டை சிமென்ட் வாங்கிப் பூசினால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்கிறார். ஓடுமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஓடாதம்மா. பூச வருகிற கொத்தனாருக்கே அது தெரியும், கூலி வருகிறதே என்று பூசிவிட்டுப் போவார். கோளாறு பூச்சில் இல்லை, உள்ளே இருக்கிற கம்பியில். இரும்பு துருப்பிடித்தால் இருந்த பருமனைவிடப் பல மடங்கு உப்பும், உப்புகிற வேகத்தில் தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளே இருந்தே பிளந்து தள்ளும். கூரை விரிசல் கம்பி போகிற வழியிலேயே நேர்கோடாக ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் காரணம் பெரும்பாலும் இதுதான். உங்கள் ஊரில் கடற்காற்றே போதும், அதோடு கட்டும்போது உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மேலே பூசுகிற புதுப்பூச்சு துருவை மறைக்கும், நிறுத்தாது.

2021 டிசம்பர் 27-ம் தேதி சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த வாரியக் கட்டடம் ஒன்று அப்படியே சரிந்தது. அதைக் கட்டியது 1993-ல், அதாவது உங்கள் கட்டடத்தின் வயதுதான். விரிசல் விடுவதைப் பார்த்து ஜனங்கள் முன்னாடியே வெளியே ஓடி வந்ததால்தான் யாரும் சாகவில்லை. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள், வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய வாரியக் குடியிருப்பை இடிக்கிறோம், காலி செய்யுங்கள், ஒன்றரை வருடத்தில் இதே இடத்தில் புது வீடு என்கிறார்கள். நாங்கள் மார்க்கெட்டில் பூக்கட்டியும் மூட்டை தூக்கியும் பிழைப்பவர்கள். போனால் திரும்ப விடுவார்களா, இல்லை ஊருக்கு வெளியே எங்காவது தள்ளிவிடுவார்களா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் பயம் வெறும் பயம் இல்லை. சென்னையில் கூவம் கரையில் இருந்தவர்களை ஊர் ஓரத்தில் இருக்கிற கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு கிடைத்தது, வேலைக்குப் போக பஸ் தேடி அலைந்தார்கள், நிறைய பேருக்கு வேலையே போயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் நிற்க வேண்டியவரை எட்டு மைல் தள்ளிக் குடிவைத்தால் அந்த வீட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஆனால் ஒன்று. கட்டடம் ஆபத்தானதா என்பது ஒரு கேள்வி, நீங்கள் திரும்பி வருவீர்களா என்பது வேறு கேள்வி. அதிகாரிகள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதைப் பேசவிடாமல் அடிப்பார்கள், குடியிருப்பவர்கள் இரண்டாவதைச் சொல்லி முதலாவதைத் தள்ளிப்போடுவார்கள். இந்த இழுபறி நடக்கிற வரைக்கும் கூரைக்கு அடியில் படுத்திருப்பது நீங்கள்தான். அதனால் லாரி வருவதற்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள்: கதவு எண் வாரியாகக் குடியிருப்போர் பட்டியல், அதே இடத்தில் புது வீடு என்கிற உறுதி, இடையில் வாடகைக்கு என்ன தருவார்கள் எப்போது தருவார்கள் என்பது. கையெழுத்தும் முத்திரையும் இல்லாத தாள் எதற்கும் உதவாது. தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, கட்டட ஆய்வறிக்கை, திட்ட ஒப்புதல், பயனாளிகள் பட்டியல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தனித்தனியாகப் போகாமல் சங்கமாகப் போங்கள், ஒற்றை ஆளை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புவது சுலபம்.

பணம் கேட்டாலும் அதிர்ச்சி அடைய வேண்டாம். 2015-ல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் இப்படிப்பட்ட வீடு ஒன்றுக்கு மத்திய அரசு ₹1.5 லட்சம் தந்தது, மீதியை மாநில அரசும் பயனாளியும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. உங்கள் பங்கு எவ்வளவு, தவணை உண்டா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள். 'நான் முடிச்சுத் தரேன்' என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஐந்து ரூபாய்கூட வேண்டாம்.

கேள்வி: வாரிய வீட்டு ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிக் குடியிருக்கிறேன். எனக்குப் புது வீடு வருமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிக்கல்தான். வாரியத்தின் கணக்கில் வீடு இன்னும் முதல் ஆள் பெயரில்தான் இருக்கும். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு போயிற்று. அவர் இருக்கும்போதே ஒரு வக்கீலைப் பாருங்கள். கணக்கெடுக்க வரும்போது குடியிருப்பது நீங்கள்தான் என்பதற்குக் கரண்ட் பில், ரேஷன் கார்டு, தவணை கட்டிய ரசீது எல்லாவற்றையும் காட்டிப் பட்டியலில் ஏற்றப் பாருங்கள். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. பழைய தாளில் பழைய பெயர் இருக்கிறதே என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: நம் களிமண்ணில் ஐந்து மாடி நிற்குமா? என் மாமியாருக்கு முட்டி வலி வேறு.
– வாசகி, மன்னார்குடி

பதில்: மண் பரிசோதனை செய்து, அதற்கேற்ற ஆழத்துக்குப் பைல், அதாவது மண்ணுக்குள் போகிற கான்கிரீட் தூண், இறக்கினால் நிற்கும். மழையில் ஊறி வெயிலில் வெடிக்கிற மண் மேல் சும்மா அஸ்திவாரக் குழி தோண்டிக் கட்டினால்தான் வம்பு, அதனால் மண் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். மாமியாருக்கு மாற்றுத்திறனாளிச் சான்று எடுக்க முடிந்தால் எடுத்து, வீடு ஒதுக்குகிற குலுக்கலுக்கு முன்பே தரைத்தளம் கேட்டு மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். லிஃப்ட் வரும் என்பதை நம்பி மேல்தளத்துக்குச் சம்மதிக்காதீர்கள், அது ரிப்பேரானால் யார் காசில் சரிசெய்வது என்று சண்டை வராத குடியிருப்பை நான் பார்த்ததில்லை.