வெட்டிய துண்டுகள் கலையாமல் இருக்க: ஆச்சி பதில்கள்

பழைய புடவைகளை வெட்டி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களின் கேள்விகளுக்குக் காரைக்குடியில் தையல் வகுப்பு நடத்தும் ஆச்சி பதில் சொல்கிறார்.

தேவகோட்டை: ஆச்சி, ஒற்றைக் கட்டில் போர்வைக்கு 216 சதுரங்கள் வெட்டிவிட்டேன். வளவு முற்றத்தில் பரப்பினால் காற்றும் பேரனும் கலைத்துவிடுகிறார்கள். என்ன செய்ய?

பேரன் உறங்கும்போது ஒரே முறை பரப்புங்கள்: அகலத்தில் 12, நீளத்தில் 18. கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் இடக்கோடித் துண்டை எடுத்து, அடுத்தடுத்ததை அதன் அடியில் செருகிக்கொண்டே போங்கள். அடுக்கின் மேல் விளிம்பில் வரிசை எண் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்துங்கள். ஊசி இருக்கும் பக்கம்தான் மேல்பக்கம். கட்டம் சரிசதுரமாக இல்லாத கண்டாங்கிப் புடவையில் ஒரு துண்டு திரும்பினாலும் கண்ணை உறுத்தும்.

தைக்கும்போது முதல் வரிசையின் முதல் இரு துண்டுகளை இணைத்து, நூலை வெட்டாமலே இரண்டாம் வரிசையின் முதல் இரண்டையும் மிஷினில் விடுங்கள். இப்படியே 18 ஜோடிகளும் தோரணமாகத் தொங்கும். அடுத்து எல்லா வரிசைக்கும் மூன்றாம் துண்டு, பிறகு நான்காவது. பன்னிரண்டாவது சேரும்வரை இடையிலுள்ள நூலை வெட்டாதீர்கள். வரிசை மாற வழியே இல்லை.

ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டாம். நம் வெயிலில் இளகித் துணியில் ஒட்டிக்கொள்ளும், கறை போகாது.

பள்ளத்தூர்: ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கலாமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

புதுவயல்: 5 அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். 60 அங்குலம் வரவேண்டிய அகலம் 54தான் வருகிறது.

நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். ஐந்தரையாக வெட்டியிருக்க வேண்டும். நீளவாக்கில் இன்னொரு வரிசை சேர்த்தால் ஐம்பத்தெட்டரை வரும்.

கோட்டையூர்: இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவால் பின்புறம் எண் எழுதினால் சீட்டு எதற்கு?

அந்த மை அழிவதில்லை, நிறமிழக்கிறது. உறைநிலைக்குக் கீழே போனால் திரும்பத் தெரியும். காரைக்குடியில் கவலையில்லை, கனடாவிலுள்ள மகளுக்கு அனுப்புகிறவர்கள் சீட்டே குத்துங்கள்.

கானாடுகாத்தான்: அப்பத்தா உடுத்திய கண்டாங்கியை வெட்ட உங்களுக்கு மனம் எப்படி வருகிறது? புவிசார் குறியீடு பெற்ற புடவை அல்லவா?

குறியீடு 2019இல் கிடைத்தது, நெய்கிறவர்களின் பிழைப்புக்காக. அதில் அக்கறை இருந்தால் புதிதாக ஒன்று வாங்கிக் கட்டுங்கள். மடிப்பு மடிப்பாக இற்றுப்போனதைப் பெட்டியில் பூட்டிவைத்து யாருக்கு லாபம்?

கானாடுகாத்தான், மறுபடியும்: இற்றுப்போனது தையலைத் தாங்குமா?

நல்ல கேள்வி, முதலிலேயே கேட்டிருக்கலாம். இழுத்துப் பாருங்கள், கிழிகிற இடத்தை ஒதுக்கிவிடுங்கள். மெலிந்த இடத்துக்கு அடியில் பழைய வேட்டித் துணி கொடுத்து, இரண்டையும் சேர்த்தே வெட்டுங்கள்.

செட்டிநாட்டு மருமகள்: கரையையும் வெட்டலாமா ஆச்சி? மாமியார் சண்டைக்கு வருகிறார்.

மாமியார் சொல்வது சரி. அகலக் கரையைத் துண்டாக்காதீர்கள். நீளமாகவே உரித்தெடுத்துக் குழலில் சுற்றி வையுங்கள்; போர்வையின் நாற்புறமும் அதையே வைத்துத் தைக்கலாம்.