தத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 35, கணவருக்கு 38. திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. தத்தெடுப்பதற்காக அரசு இணையதளத்தில் பதிவு செய்து ஓராண்டாகக் காத்திருக்கிறோம். தெரிந்த செவிலியர் ஒருவர், திருமணமாகாத ஒரு பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம் என்றும், ஒரு தொகை கொடுத்தால் பிறந்தவுடன் குழந்தையைத் தந்து, பிறப்புச் சான்றிதழையும் எங்கள் பெயரிலேயே வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். நோட்டரியிடம் எழுதி வாங்கினால் போதும் என்கிறார்கள் உறவினர்கள். அந்தக் குழந்தைக்கும் ஒரு வீடு கிடைக்குமே, இதில் என்ன தவறு?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் கடைசி வரி உண்மையான பரிவிலிருந்து வந்தது என்பதை உணர்கிறேன், ஆயினும் அந்தச் செவிலியரிடம் இன்றே மறுத்துவிடுங்கள். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம், பெற்றவர்களே நேரடியாகத் தத்துக் கொடுக்க இடம் தருகிறது. உறவினர்கள் அதைக் கேள்விப்பட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால், தத்துக்காகப் பணம் கைமாறுவதை அதே சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பெறாத குழந்தையைப் பெற்றதாகச் சான்றிதழ் வாங்குவதோ தத்தே அல்ல, பொய் ஆவணம். குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. 2019இல் ராசிபுரத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் தொலைபேசிப் பேச்சு வெளியானதும் தொடங்கிய குழந்தை விற்பனை வழக்கை உங்கள் பகுதியில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தண்டனையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தத் தாயின் நிலை. குழந்தையை வளர்க்க இயலாத ஒரு பெண், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் முறையாக ஒப்படைக்கலாம். அவள் பெயரும் விவரங்களும் ரகசியமாகக் காக்கப்படும். கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. பிரசவ வலியும் ஊராரின் ஏச்சும் அச்சமும் சூழ்ந்திருக்கும் நேரத்தில், பணத்தைக் காட்டி ஒருவர் வாங்கும் சம்மதத்தை எப்படிச் சம்மதம் என்பது? அந்த 60 நாளையும் அவளிடமிருந்து பறித்துத்தான் உங்கள் வீட்டுத் தொட்டில் ஆட வேண்டும் என்று நீங்களே விரும்ப மாட்டீர்கள். முடிந்தால் 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியச் செய்யுங்கள். ஆனால், நலக் குழுவிடம் ஒப்படைக்கப்படும் குழந்தை உங்களுக்கே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்; வரிசைப்படிதான் வரும்.

அந்த வரிசை நீளமானது. கைக்குழந்தைக்காகக் காத்திருப்பவர்களில் பலருக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அந்த வேதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெறத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. உங்கள் இருவர் வயதும் சேர்ந்து 73தான் என்பதால் அந்த அச்சம் வேண்டாம். ஐந்தாறு வயதுக் குழந்தைகளும், பிரிக்கக் கூடாத அண்ணன் தங்கைகளும் இல்லங்களில் பெற்றோருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதையும் கணவரோடு அமர்ந்து பேசுங்கள். முறையாக வரும் குழந்தைக்கு, 2022 செப்டம்பர் முதல், நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை வழங்குகிறார். அந்த ஆணை கையில் இருந்தால், நாளை சொத்திலோ பள்ளியிலோ கடவுச்சீட்டிலோ உங்கள் பிள்ளையை எவரும் கேள்வி கேட்க முடியாது.

கேள்வி: கைக்குழந்தையாகத் தத்தெடுத்த எங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயது. உண்மையைச் சொல்லிவிட நினைக்கிறேன். "சொன்னால் ஒட்டமாட்டாள்" என்று மாமியார் அழுகிறார். எப்போது, எப்படிச் சொல்வது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இப்போதே, சிறிது சிறிதாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ ஓர் உறவினர் சொல்வார். அன்று அவளை வருத்துவது தத்து என்ற செய்தியாக இராது, அம்மா மறைத்தாளே என்பதாகவே இருக்கும். அவளை முதன்முதலில் பார்த்த நாளில் என்ன மழை, அப்பா எப்படித் தூக்கத் தெரியாமல் தூக்கினார், பாட்டி எந்தப் புடவையில் சுற்றினார் என்று கதையாகத் தொடங்குங்கள். மாமியாரையே அந்தக் கதையைச் சொல்ல வையுங்கள். அவர் அச்சமும் அதிலேயே கரையும். பெற்றவளைப் பற்றி, "உன்னை வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனாள்" என்ற சொல் வீட்டில் எவர் வாயிலிருந்தும் வரக் கூடாது. வளர்க்க முடியாத நிலையில் இருந்தாள் என்பதே போதும். "நாங்கள் எடுத்திராவிட்டால் உன் கதி என்ன" என்பதைக் கோபத்திலும் சொல்லிவிடாதீர்கள். எந்தப் பிள்ளையும் பெற்றோருக்கு நன்றிக்கடன் பட்டு வளர வேண்டியதில்லை. பதினெட்டு வயதான பின் தன் பிறப்பின் வேரைத் தேட விண்ணப்பிக்கும் உரிமையை விதிகள் அவளுக்கு அளிக்கின்றன. அந்த நாள் வந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள்.

கேள்வி: நான் திருமணமாகாத ஆசிரியை, வயது 44. ஒரு குழந்தையைத் தற்காலிகமாக வளர்க்க எனக்கு அனுமதி உண்டா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. 2024இல் திருத்தப்பட்ட வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல்களின்படி, 35 முதல் 60 வயது வரையுள்ள தனிநபரும் வளர்ப்புப் பெற்றோராகலாம். பொதுவாக ஆறு வயது நிறைந்த குழந்தைகளையே ஒப்படைப்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். குழந்தையின் செலவுக்கென மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெற்றோர் உயிருடன் இருந்து, அவர்கள் நிலை சீரானால், குழந்தை அவர்களிடமே திரும்பிப் போகக்கூடும். அதற்கு உங்கள் மனம் இடம் தருமா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தையாக இருந்தால், இரண்டு ஆண்டுகள் உங்களிடம் வளர்ந்த பின் நீங்களே தத்தெடுக்கவும் விண்ணப்பிக்கலாம்.