மகன் போனை வைத்த பிறகு

அன்புள்ள ஐயா,

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். வயது 54. அவர் தவறி நாலு வருடம் ஆகிறது. இவ்வளவு பெரிய வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். பங்காளிகள் எல்லாம் சென்னை, கோவை என்று போய்விட்டார்கள், கல்யாணம் காட்சி என்றால்தான் அவர்கள் அறைகளைத் திறப்பார்கள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். தினமும் ராத்திரி 9 மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். பேசி முடித்ததும் கை தானாக யூடியூபுக்குப் போய்விடுகிறது. சமையல், கோயில், யாரோ யாரையோ திட்டுவது, இன்னதென்று இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மணி 1. காலையில் மாமியாருக்குக் காபி போடக்கூட எரிச்சலாக வருகிறது. பட்டன் போனுக்கு மாறினால் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது. எனக்கு மன உறுதி போதவில்லையா, இல்லை இது ஏதாவது வியாதியா?

வாசகி, பள்ளத்தூர்

அன்புள்ள ஆச்சி,

மன உறுதி பற்றிய கவலையை முதலில் விடுங்கள். நாலு வருடமாக ஒரு பெரிய வீட்டையும் ஒரு வயதான உயிரையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறவருக்கு மன உறுதி இல்லை என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் கடிதத்தில் 'பேசி முடித்ததும்' என்று ஒரு இடம் வருகிறது, நான் அங்கேதான் நின்றுவிட்டேன். போன் பகலிலும் உங்கள் பக்கத்தில்தான் கிடக்கிறது, ஆனால் பகலைப் பற்றி நீங்கள் ஒன்றும் குறை சொல்லவில்லை. மகன் முகம் திரையிலிருந்து போனதும் வீடு சட்டென்று வெறிச்சோடிப் போகிறதே, அந்த நிமிடத்தைத் தாங்க முடியாமல்தான் கை போகிறது. தனிமையில் இருக்கிற யாருக்கும் இது நடக்கும்.

ஆனால் கை போகிற இடத்தில் காத்திருப்பவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் பார்த்தால் அது ஓரிடத்தில் முடியும், அடுத்ததற்குப் போக வேண்டுமா என்று ஒரு நொடி யோசிப்போம். 2006இல் ஆசா ரஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் முறையை உருவாக்கினார். அந்த ஒரு நொடி யோசனை அத்தோடு போனது. அதற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டிருக்கிறார். அதற்கும் வெகு காலம் முன்பே, ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனை செய்து ஒன்றைக் காட்டியிருந்தார்: கொத்தும்போதெல்லாம் தீனி வந்தால் புறா பசி தீர்ந்ததும் விட்டுவிடும், எப்போது வரும் என்றே தெரியாமல் வந்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்க்கிற பத்து வீடியோவில் ஒன்றுதான் உண்மையிலேயே பிடிக்கிறது, இல்லையா? அந்த ஒன்று எப்போது வரும் என்று தெரியாததுதான் பிடி. நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017இல், எங்களுக்குப் போட்டி மனிதர்களின் தூக்கம்தான் என்கிற அளவுக்கே பேசினார். அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

வியாதியா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் அடிமைத்தனம் இருக்கிறது, போன் பார்ப்பது தனி நோயாக இல்லை. அதற்காக அலட்சியமாக விட்டுவிடும் விஷயமும் இல்லை, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனி சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. உங்களுக்குத் தூக்கம் சரியாகாமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அழுகையாக வந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம். அவர் போன துக்கமும் இதற்குள் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டன் போன் வேண்டவே வேண்டாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருடத் தவணையில் கணவரை அனுப்பிவிட்டுக் கப்பலில் வரும் கடிதத்துக்காகக் காத்திருந்த பெண்கள் வாழ்ந்தவை நம் செட்டிநாட்டு ஊர்கள். பிள்ளை முகத்தை தினமும் பார்க்கக் கிடைத்திருப்பது பெரிய பாக்கியம், அதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

போனுக்கு வீட்டில் ஒரு இடம் கொடுங்கள், அதுதான் நான் சொல்ல வருவது. முகப்பில் ஒரு பிளக் பாயின்ட் பார்த்து, சார்ஜரை அங்கே மாட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். மகன் கூப்பிட்டால் அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள், மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அப்பத்தா பேரனைப் பார்க்கட்டும். பேசி முடித்ததும் போன் அங்கேயே இருக்கட்டும், நீங்கள் மட்டும் உள்ளே போங்கள். முகப்பிலிருந்து வளவை, அதாவது உள்முற்றத்தை, தாண்டிப் படுக்கிற இடத்துக்கு நம் வீடுகளில் நல்ல தூரம். நடு ராத்திரியில் எழுந்து அவ்வளவு தூரம் நடப்பதற்குள் பாதி ஆசை போய்விடும். மணியை மட்டும் சத்தமாக வையுங்கள், அவசரம் என்றால் கேட்கும். காலையில் எழுந்திருக்க ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், 'அலாரத்துக்காக' என்றுதான் பல வீடுகளில் போன் தலையணைக்கு வந்தது.

அப்புறம் யூடியூபில் நீங்கள் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, அதைச் சேமிப்பதையும் நிறுத்திவிடச் சொல்லி மகனிடம் கேளுங்கள், வீடியோவில் பேசிக்கொண்டே சொல்லித் தருவான். பிறகு திறந்ததும் முதல் பக்கம் வெறுமையாக இருக்கும். வேண்டியதைத் தேடிப் பார்க்கலாம், அதில் தப்பில்லை. போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்து, எடுக்கும் முன் எதற்கு எடுக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டுச் செலவுக்குச் சிட்டை எழுதிப் பழகிய கைக்கு இது சிரமமே இல்லை. எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இத்தனை செய்தாலும் பேசி முடித்த பிறகு வருகிற அந்த ஒரு மணி நேரம் அப்படியேதான் இருக்கும். முதல் சில நாட்கள் கை பரபரக்கும், ஏன் இந்த வேலை என்று இருக்கும். கைக்கு ஏதாவது கொடுங்கள். கொட்டான், அதாவது ஓலைக் கூடை, முடையத் தெரிந்தவர்கள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள், மாமியாருக்கே தெரிந்திருக்கலாம். ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: உங்கள் கடிதத்தில் அவர் காபிக்குக் காத்திருக்கிறவராக மட்டும்தான் வருகிறார். உங்களுக்குக் கணவர் போனார், அவருக்குப் பிள்ளை போனான். இரண்டு பேரும் ஒரே ஆளை நினைத்துக்கொண்டு தனித்தனியாகப் படுத்திருக்கிறீர்கள். சின்ன வயதில் உங்கள் கணவர் எப்படி இருந்தார் என்று ஒரு ராத்திரி மாமியாரிடம் கேட்டுப் பாருங்களேன்.

மகனை 9 மணிக்குப் பதில் 7.30க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். நமக்கு 9 என்றால் சிங்கப்பூரில் 11.30. உங்களிடம் பேசிவிட்டு அவனும் போனோடுதான் படுக்கிறானா என்று விசாரியுங்கள்.

அன்புடன்