ஒரே துப்பாக்கி, இரண்டு வேலை

அன்புள்ள ஐயா,

நான் சேலம் அஸ்தம்பட்டியில் வளர்ந்தவன். எட்டு ஆண்டுகளாக டென்வரில் வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரிபவர்கள் ஆண்டுதோறும் கொலராடோ மலைகளுக்கு மான் வேட்டைக்குப் போகிறார்கள். இரண்டு முறை உடன் சென்று பார்த்தேன். இந்த ஆண்டு நானும் ஒரு ரைபிள் வாங்க எண்ணியிருக்கிறேன். வார இறுதியில் சுடுதளத்தில் இலக்குச் சுடவும் அதுவே பயன்பட வேண்டும். எந்தத் தோட்டாவுக்கானது என்று கேட்டால், கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் என்கிறார். ஒரு நண்பர் 6.5 கிரீட்மோர் என்கிறார், இன்னொருவர் .30-06 இருக்க வேறெதற்கு என்கிறார். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் தாத்தாவின் காப்பித் தோட்டத்தில் ஒரு .315 துப்பாக்கி இருந்ததாக அப்பா சொல்வார். அது இங்கே கிடைக்குமா? ஊர் திரும்பும்போது தோட்டத்துக் காட்டுப்பன்றிகளுக்கும் ஆகும் என்று ஒரு நினைப்பு. உங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

ச., டென்வர்

அன்புள்ள ச.,

காட்டுப்பன்றியை முதலில் முடித்துவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இப்போது பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. பயிரை அழிக்கும் விலங்கு என்றாலும் சட்டப்படியான அனுமதி வர வேண்டும்; தோட்டம் நம்முடையது என்பதால் தீர்ப்பும் நம்முடையது ஆகாது. ஆகவே ஊரை மனத்தில் வைத்துத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கொலராடோவுக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட பெயர்களில் ஒரு குழப்பம் இருக்கிறது. காலிபர் என்பது குழலின் துளை அளவு, அவ்வளவுதான். .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றிலும் செல்லும் குண்டு ஒன்றே. அதன் குறுக்களவு 0.308 அங்குலம், அதாவது 7.8 மில்லிமீட்டர். வேறுபடுவது பின்னால் இருக்கும் பித்தளைக் கூடும் அதற்குள் இருக்கும் வெடிமருந்தும். .308-இன் கூடு 51 மி.மீ. நீளம், .30-06-இன் கூடு 63 மி.மீ., மேக்னத்தின் கூடு 67 மி.மீ. நீளமும் நல்ல பருமனும் கொண்டது. எனவே உங்கள் கேள்வி உண்மையில் காலிபரைப் பற்றியதன்று. ஒரே குண்டை எவ்வளவு மருந்து வைத்துத் தள்ளுவது, அப்போது துப்பாக்கி பின்னால் இடிக்கும் உதையைத் தோள் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைப் பற்றியது. (6.5 மட்டுமே மெல்லிய குண்டு கொண்டது, அதற்கு வருகிறேன்.)

உதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் கடைகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் தந்தையின் தோட்டத்திலும் ஒரு .315 இருந்தது. தோளில் பதியும் கட்டையில் இரும்புத் தகடு. பதினேழு வயதுத் தோளில் அது உட்கார்ந்த விதத்தை இன்றும் மறக்கவில்லை. முதல் நாள் சில்வர் ஓக் மரத்தடி மண்மேட்டில் மண்ணெண்ணெய் டின் ஒன்றை வைத்து ஐந்து தோட்டா சுட்டேன். முதல் இரண்டு டின்னில் பட்டன. மூன்றாவதிலிருந்து, விசையை இழுக்கும் கணத்துக்கு ஒரு நொடி முன்பே என் தோள் முன்னால் நகர்ந்து கண் மூடிக்கொண்டது. மீதி மூன்றும் மண்ணுக்குள் போயின. தந்தை அதைக் கவனித்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரம் கழித்து, 1968-இல், காப்பிச் செடிகளுக்கிடையே நின்ற ஒரு பன்றியை அறுபது கஜத்தில் சுட்டபோதும் அதே தோள் அதே வேலையைச் செய்தது. குண்டு மார்பில் பட வேண்டியது, வயிற்றில் பட்டது. எங்கள் மலையின் பழங்குடியான மலையாளி இனத்துப் பெரியவர்கள் இருவரோடு அன்று இருட்டும்வரையும் மறுநாள் நண்பகல்வரையும் இரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்தோம், பன்றி கிடைக்கவில்லை. துப்பாக்கி போதாது என்று நான் சொன்னேன். அந்த .315 அதே மலையில் அதைவிடப் பெரிய பன்றிகளை ஒரே தோட்டாவில் வீழ்த்தியிருந்தது.

அதனால்தான் கடைக்காரரின் மேக்னத்தை நான் முதலில் ஒதுக்குகிறேன். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், 6.5 கிரீட்மோர் உதைப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு .300 மேக்னம் உதைக்கும். தூரத்து மலைச்சரிவில் நிற்கும் எல்க் என்னும் பெரிய மானை நானூறு, ஐந்நூறு கஜத்தில் வீழ்த்தும் பழகிய கைகளுக்கு அது நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் சனிக்கிழமை காலை சுடுதளத்தில் நாற்பது தோட்டா சுடும் இன்பத்துக்கு அது உகந்ததன்று. பதினைந்தாவது தோட்டாவில் உங்கள் தோள் என் தோளாகிவிடும்; அந்தக் கெட்ட பழக்கம் பிறகு வேட்டைக்கும் உடன் வரும். தோட்டாவின் விலையும் கூடுதல், குழலின் உட்பகுதி தேய்வதும் விரைவு.

.30-06 பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் தவறே இல்லை. 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றது, பெயரின் கடைசி இரண்டு எண்கள் அந்த ஆண்டையே குறிக்கின்றன. 11.7 கிராம் குண்டை நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் தள்ளும் இத்தோட்டாவால் அமெரிக்காவின் பெரும்பாலான வேட்டை விலங்குகளை நூறு ஆண்டுகளாக வீழ்த்தியிருக்கிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்திருந்தால், வேறு வாங்காதீர்கள் என்றே எழுதியிருப்பேன்.

எஞ்சுவன இரண்டு: 6.5 கிரீட்மோரும், உங்களிடம் யாரும் சொல்லாத .308-உம். 6.5 கிரீட்மோரை 2007-இல் ஹார்னடி நிறுவனம் இலக்குப் போட்டிகளுக்காக உருவாக்கியது. நீண்டு மெலிந்த குண்டு காற்றை நன்றாக வெட்டிச் செல்வதைக் கண்டபின் வேட்டைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். .308 வந்த வழி வேறு: 1952-இல் வின்செஸ்டர் நிறுவனம் அதை வேட்டைக்காரர்களுக்கு விற்கத் தொடங்கியது, அதன் ராணுவ வடிவத்தை 1954-இல் நேட்டோ ஏற்றது, பிறகு இலக்குச் சுடுவோரும் எடுத்துக்கொண்டார்கள். ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் 6.5 தெளிவாக முந்துகிறது. ஆனால் இருநூறு கஜத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி குறி சரிசெய்த பொதுவான கடைத் தோட்டாக்களை எடுத்துக்கொண்டால், முந்நூறு கஜத்தில் இரண்டுமே ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் கீழிறங்கும். இடையே உள்ள வேறுபாடு ஒரு விரல் தடிமன்தான். புதிதாகத் தொடங்கும் ஒருவர் முந்நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் உயிரைச் சுடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்த எல்லைக்குள் .308-இன் கனமான, அகன்ற குண்டு எல்க்கின் எலும்புக்கு எதிரே எனக்கு நம்பிக்கை தருகிறது. அதன் உதை 6.5-ஐ விடச் சற்று அதிகம், ஆனால் தாங்கக்கூடியது; குழலும் நெடுநாள் உழைக்கும். 7 கிராமிலிருந்து 13 கிராம் வரை பலவகைக் குண்டுகள் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைப்பதே அதன் உண்மையான பன்முகத்தன்மை. ஆகவே என் தேர்வு .308. நீங்கள் 6.5 வாங்கினாலும் நான் வருந்தமாட்டேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். காகித இலக்குக்கு ஏற்ற குண்டு வேறு, மானுக்கு ஏற்ற குண்டு வேறு. கொலராடோவில் பெரிய விலங்குகளுக்கு, உடலுக்குள் விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி, துளை குறைந்தது .24 அங்குலமும், நூறு கஜத்தில் ஆற்றல் குறைந்தது 1,000 அடி-பவுண்டும் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நாம் பேசிய நான்கும் இதைத் தாண்டுபவையே. ஆனால் ஒரே துப்பாக்கியில் இரு வேறு குண்டுகள் ஒரே இடத்தில் படா. சுடுதளத்துக் குண்டில் சரிசெய்த குறியோடு மலையேறிவிடாமல், வேட்டைக் குண்டிலேயே குறியை மீண்டும் சரிபாருங்கள்.

வேட்டைக்குப் பழகுவதற்கு ஒரு தட்டு போதும். சிற்றுண்டித் தட்டின் அகலம் ஒரு மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை இருக்கும் பரப்புக்கு ஏறத்தாழச் சமம் (எவர்சில்வரைப் பற்றிச் சேலத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை; இலக்குக்கு மட்டும் காகிதத் தட்டையே வையுங்கள்). மேசையில் சாய்ந்து சுடாமல், மண்டியிட்டும் அமர்ந்தும், மூச்சு வாங்கும் நிலையில் சுட்டு, பத்துக்குப் பத்தும் அந்தத் தட்டில் விழும் தூரம் எதுவோ, அதுவே உங்கள் வேட்டைத் தூரம். அது நூற்றிருபது கஜமாக இருந்தால் நூற்றிருபதுதான்.

வார இறுதி இன்பத்துக்கு, பணம் கூடும்போது, தனியே ஒரு .22 லாங் ரைபிள் வாங்குங்கள். 2.6 கிராம் குண்டு, உதை இல்லை என்றே சொல்லலாம், தோட்டா விலை .308-இல் ஒரு சிறு பங்கு. ஒலிம்பிக்கின் ஐம்பது மீட்டர் போட்டியே இத்தோட்டாவில்தான் நடக்கிறது. நான் விசையை ஒழுங்காக இழுக்கக் கற்றது நாற்பது வயதில், ஒரு .22-ஐக் கையில் எடுத்த பிறகுதான். ஒரே துப்பாக்கி இரண்டு வேலையும் செய்ய வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு இது எதிரானது என்று தெரியும். ஆனால் .308 வேட்டைக்குத் தயாராக இருப்பதற்கு வழி .22-இல் ஆயிரம் தோட்டா சுடுவதே. எதைச் சுட்டாலும் காதுக்கவசம் இல்லாமல் சுடாதீர்கள். வலக்கைக்காரர்களுக்கு இடது காதுதான் குழல்முனைக்கு நெருக்கம். என் இடது காதில் இப்போது பாதிதான் கேட்கிறது.

சட்ட விவரம் ஒன்று. நீங்கள் வேலை விசாவில் இருக்கிறீர்களா, பச்சை அட்டை வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கான விலக்குகளில் ஒன்று. எனவே வரிசை முக்கியம்: முதலில் கொலராடோவின் வேட்டைப் பயிற்சி வகுப்பு, அடுத்து உரிமம், பிறகு கடை.

கடைசியாக, தாத்தாவின் .315. அது ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டா. ஆங்கிலேய அரசு, தன் படையின் .303 தோட்டா வெளியே கசிவதை அஞ்சி அந்தத் துளையை இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்ததால், அவர்களுக்கென இங்கே பரவிய அளவு அது. பின்னாளில் இஷாப்பூர்த் தொழிற்சாலையும் அதே அளவில் துப்பாக்கி செய்தது. அமெரிக்கக் கடைகளில் அதற்குத் தோட்டா தேடுவது வீண்வேலை. அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் நீங்கள் எழுதவில்லை. உரிமம் பெற்றவர் மறைந்தபின் அதை வீட்டில் அப்படியே வைத்திருக்க வாரிசுகளுக்கு உரிமை கிடையாது. தம் பெயரில் உரிமம் கேட்க வேண்டும், இல்லையென்றால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். அடுத்த முறை அப்பாவோடு தொலைபேசியில் பேசும்போது இதைக் கேட்டுவிடுங்கள்.